கல்லுடைத்தோர் கணக்கு

இங்கிலாந்தின் தென்கரையிலே, கூழாங்கற்களாலான ஒடுங்கிய கரையொன்றினால் மட்டும் பெருநிலத்தோடு பிணைக்கப்பட்டுக் கடலினுள் நீண்டு கிடப்பது போட்லண்ட் தீவு. தீவு என்பதிலும் அதனை ஒரு கன்மலை என்பதே பொருந்தும். அம்மலையின் அடியிலிருந்து கடலுக்குள் செல்லும் அலைதடுப்பு அணையின் முதற்கல்லை 1849ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசர் இட்டார். 23 ஆண்டுகளின் பின், 1872 ஓகஸ்ட் 10ஆந் திகதி, அவருடைய மைந்தராகிய வேல்ஸ் இளவரசர் இறுதிக் கல்லை வைத்து வேலை முற்றிற்று என அறிவித்தார். இடைக்காலத்திற் கடலுக்குள் கொட்டப்பட்ட கல் ஏறத்தாழ 60 இலட்சம் தொன். தந்தை தொடக்கியதும் மைந்தன் முடித்ததும் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தகைய பணிகள் மன்னர்க்கே தகுவன என்னும் கருத்துடைய கவிதையடி ஒன்றும் உடன் சேர்க்கப்பட்டுள்ளது. மலையை உடைத்தவர்களின் பெயர் எதுவும் அங்கில்லை. உடைத்தவர்கள் மறியற்காரர்கள்.

பெயர் விடுபட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு புலம்ப நாம் இதனை எழுதவில்லை. பிரமிட்டானாலும் தாஜ்மகாலானாலும் பெயர் அரசனுடையது, கை பிறருடையது என்பதை எமது வாசகர்கள் நன்கறிவர். மேடைதோறும் கேட்டுக் கேட்டு அது செவி புளித்துப்போன செய்தி. நாம் கேட்க விரும்புவது அதனிலும் சங்கடமானது. எல்லோர்க்கும் பயன்படும் நற்பொருள் ஒன்று, மறுத்துரைக்க வழியற்ற மனிதரின் முதுகை ஒடித்துப் பெறப்பட்டதாயின், அதன் பயன் அக்கொடுமையை ஈடுசெய்துவிடுமா? ஈடுசெய்யாதெனின், அப்பயனை நாளும் அனுபவித்து வரும் நாம் எந்நிலையில் நிற்கிறோம்?

அணை பயனற்றதென்று கூறி இக்கேள்வியிலிருந்து நழுவிவிட முடியாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடலிற் புயல் எழுங்கால் கப்பல்கள் ஒதுங்குவதற்கு அப்பகுதியில் ஏற்ற இடம் வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்கு வேறொரு கவலையும் இருந்தது. எதிர்க்கரையிலே, ஷேபூர் துறைமுகத்தில், பிரெஞ்சுக்காரர் 1784ஆம் ஆண்டிலிருந்தே மாபெரும் மரக்கூம்புகளை மிதக்கவிட்டுக் கொண்டுசென்று கல் நிரப்பிக் கடலில் அமிழ்த்தி அணை கட்ட முயன்றனர். 1786இல் பதினாறாம் லூயி மன்னனே நேரிற் சென்று அக்காட்சியைக் கண்டான். கூம்புகளைக் கடல் சிதைத்தது; மன்னனின் தலையைப் புரட்சி கொய்தது; அணையோ ஆட்சிகள் பல மாறியும் வளர்ந்து 1853இல் முடிவுற்றது. அதற்குப் பதிலாக எழுந்ததே போட்லண்ட் அணை. ஆகவே மாலுமியின் உயிரைக் காப்பதும் போர்க்கப்பலைக் காப்பதுமாகிய இரு நோக்கங்கள் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. ஆயினும் புயலுக்கு அஞ்சி ஓடிவரும் மீன்படகுக்காரனுக்கு அக்கலப்பைப் பற்றி என்ன கவலை?

இனி, கல்லுடைத்தோர் அங்கு வந்த வரலாற்றைக் காண்போம். முதற்கல் இடப்படுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே, 1848 நவம்பரில், முதலாவது மறியற்கூட்டம் போட்லண்டில் இறக்கப்பட்டுவிட்டது. அணைக்கு முன் மறியற்சாலை எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. குற்றவாளிகளை அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தும் வழக்கத்தை அங்கிருந்த குடியேற்றவாசிகள் வெறுக்கத் தொடங்கிய காலம் அது. (அவ்வழக்கம் சிறிது சிறிதாகத் தேய்ந்து, மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு 1868இல் சென்ற கப்பலோடு முற்றாக நின்றது.) உள்நாட்டிலோ, பயன் தீர்ந்த பழங் கப்பல்களை ஆற்று முகத்தில் நிறுத்தி அவற்றினுள் மனிதரை அடைத்து வைத்திருந்தனர். எனவே புதியதோர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. முதலிலே தனியறையில் மௌனச் சிறை. பின்னர் போட்லண்ட் போன்ற இடங்களிற் பொதுவேலை. அதன் பின்னரே கடல் கடத்தலோ விடுதலையோ.

மலையுச்சியிலே மறியற்காரர் கல் வெட்டினர். கல்லேற்றிய வண்டிகள் சரிவுப் பாதையிற் கீழிறங்கும். அவற்றின் பாரமே வெறும் வண்டிகளை மேலே இழுக்கும். கீழே கடலுக்கு மேலாக மரக்கால்கள் நாட்டிப் பரண் அமைத்து அதன்மீது தண்டவாளம் இட்டிருந்தனர். வண்டிகள் பரணின் நுனிவரை சென்று அடித்தட்டைத் திறக்கக் கற்கள் கடலில் விழும். பரணிலும் நீருக்கடியிலும் பணியாற்றியோர் கூலிக்கு வந்த சுதந்திரத் தொழிலாளர்; மறியற்காரரின் இடம் மலைமேற் கற்குழியே. வகுத்தவர் ஜேம்ஸ் மெடோஸ் ரென்டல். அவர் 1856இல் இறக்க, ஆரம்பமுதல் அங்கிருந்து மேற்பார்வை செய்துவந்த ஜோன் கூட் தலைமைப் பொறியியலாளரானார். திட்டத்தின் நுட்பத்தை மறுப்பது சிறுமையாகும். மலையின் உயரத்தையே எந்திரமாகவும், கடலின் அடிப்பையே கற்களை உரிய சரிவிற் படியவைக்கும் கொத்தனாகவும் பயன்படுத்திய திட்டம் அது.

இவ்வேற்பாட்டை ஆதரித்தோர் அனைவரும் கொடியவர் அல்லர். பழங் கப்பலின் இருளிலும் நாற்றத்திலும் கிடந்து சாவதிலும் வெயிலிலும் காற்றிலும் நின்று வேலை செய்வது மேல் என அவர்கள் வாதித்தனர். அது பொய்யன்று. சோம்பல் குற்றத்தை வளர்க்கும், உழைப்பு மனிதனைத் திருத்தும் எனவும் கூறினர். இந்த வாதம் எம்மைத்தான் மிகவும் நெருக்குகிறது. ஏனெனில் உழைப்பே மனிதனை மனிதனாக்கியது என்று ஓயாது எழுதி வருவோர் நாம். அவ்வாறாயின் போட்லண்டில் நடந்ததை எவ்வாறு கண்டிப்பது?

அவர்கள் சொன்ன நோக்கத்தையே உரைகல்லாகக் கொண்டு பார்ப்போம். மனிதரைத் திருத்துவதே முதல் நோக்கமாயின், ஒவ்வொருவனுக்கும் எத்தொழில் ஏற்றது, விடுதலையான பின் எதனைக்கொண்டு பிழைப்பான் என்றல்லவா எண்ணியிருத்தல் வேண்டும்? திருத்தும் இடங்களாக அமைந்தவையோ போட்லண்டின் அணையும் போட்ஸ்மத், சதாம் முதலிய கடற்படைத் துறைகளுமாம். கடற்படைக்கு எங்கே கல்லும் மண்ணும் வேண்டியிருந்தனவோ அங்கேதான் குற்றவாளிகளின் ஆன்மாவும் ஈடேற்றம் பெற வேண்டியிருந்தது! 1872இல் அணை முடிந்ததே, மறியற்சாலை மூடப்பட்டதா? இல்லை. அதற்குள் மலையுச்சியிற் கோட்டை கட்ட வேண்டியிருந்தது, தேவாலயம் ஒன்று கட்ட வேண்டியிருந்தது, கல்லுக்கும் முடிவில்லை. 1921இல் அது இளங் குற்றவாளிகளுக்குரிய சீர்திருத்தச் சிறையாக மாற்றப்பட்டது. இன்றும் அது சிறையே. தேவை முதலில் தோன்றியது. அத்தேவைக்கு ஏற்ற ஒழுக்கத் தத்துவம் பின்னர் தேடி எடுக்கப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் இதற்கு ஆழத்தில் இன்னொரு தவறு உண்டு. அதே மலையில், மறியற்சாலை மதிலுக்கு அப்பால், தலைமுறை தலைமுறையாகக் கல் வெட்டியே வாழ்ந்த தீவுவாசிகள் இருந்தனர். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் இலண்டனில் எழுந்த சென் போல் தேவாலயம் அம்மலைக் கல்லினால் ஆனது. ஒரே மலை, ஒரே கல், ஏறக்குறைய ஒரே உளியும் சம்மட்டியும். மதிலுக்கு உள்ளே நின்றவனுக்குக் குற்றத்தின் தண்டனையாக விதிக்கப்பட்டது எதுவோ, அதுவே மதிலுக்கு வெளியே நின்றவனுக்கு, அவன் எக்குற்றமும் செய்யாதிருக்கையில், பிழைப்பாக விதிக்கப்பட்டிருந்தது. கல்லுடைத்தல் இழிவாயின் தீவுவாசி அவ்விழிவை ஏன் சுமக்க வேண்டும்? உயர்வாயின் மறியற்காரனுக்கு அது தண்டனை ஆவதெங்ஙனம்? இரண்டையும் ஒருசேரச் சொல்லும் அரசு, உழைப்பைக் குறித்துப் பொய் சொல்கிறது.

வேறுபாடு வேலையில் இல்லை. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையிலும், தான் உடைத்த கல் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமையிலுமே அது இருக்கிறது. மனிதனை மனிதனாக்கும் உழைப்பு என நாம் கூறுவது அவ்வுரிமைகளோடு கூடிய உழைப்பையே. பசிக்கு அஞ்சிக் கற்குழிக்குப் போன தீவுவாசிக்கு அவ்வுரிமை முழுமையாக இருந்ததென நாம் சொல்லமாட்டோம். ஆயினும் சிறிதளவாவது இருந்தது, அதனைப் பெருக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. மறியற்காரனிடமிருந்து அது வேரோடு பிடுங்கப்பட்டது. அவ்வாறு பிடுங்கப்பட்ட மனிதனைக் கொண்டு செய்விக்கப்படும் தொழில், வெளியே நின்று அதே தொழிலைச் செய்பவனையும் ஊரார் கண்ணிலே பாதிக் குற்றவாளியாக்கிவிடுகிறது. படிக்காத பிள்ளையை நோக்கி, ‘நீ கல்லுடைக்கத்தான் போகப்போகிறாய்’ என்று எமது வீடுகளில் இன்றும் ஏசுகிறோம். அவ்வேச்சில் மறியற்சாலை எங்கே முடிகிறது, கூலித் தொழில் எங்கே தொடங்குகிறது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியுமா?

போட்லண்டில் இந்த இழிவு ஒரு வேடிக்கையாகவும் வளர்ந்தது. மறியற்காரர் கல்லுடைப்பதைக் காண உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். கற்குழியை அடுத்த வீடுகளில் வாழ்ந்தோர் மாடி அறைகளைத் திறந்துவிட்டுத் தேநீரும் விற்றனர். சன்னலோரம் இருந்து தேநீர் அருந்தியவர்கள் கீழே யாரைக் கண்டனர்? ஒடோனவன் றோசா முதலிய அயர்லாந்து விடுதலை வீரர்களும் அங்கே கல் செதுக்கியவர்களே. 1865இல் ஆயுள் தண்டனை பெற்று போட்லண்டுக்கு அனுப்பப்பட்ட றோசாவை, அவர் சிறையில் இருக்கும்போதே, 1869இல் திப்பரேரி மக்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்தனர். குற்றவாளி என்ற காரணத்தால் அத்தெரிவு செல்லாதெனப்பட்டது. திருடனையும் தேசாபிமானியையும் ஒரே உடையில் நிறுத்திவிட்டால் பார்வையாளனுக்கு வேறுபாடு தெரியாது. ஆள்வோருக்கு அதனால் வந்த வசதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் றோசாவுக்காக மட்டும் இரங்கி மற்றவனை மறந்துவிடுவதும் எமக்கு ஒவ்வாது. அரசியற் கைதிக்கு வரலாறு இருக்கிறது. ஆட்டுக்குட்டி திருடியவனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆடு திருடியவனைப் பற்றி வேறோர் அணையின் வரலாறு பேசுகிறது. போட்லண்டில் வெற்றி கண்ட முறை தென்னாபிரிக்காவின் கேப்டவுணுக்கும் சென்றது. அங்கும் திட்டம் கூட் உடையது. அங்கும் கல்லுடைத்தோர் மறியற்காரர். அங்கும் 1860இல் முதல் வண்டிக் கல்லைக் கவிழ்க்க விக்டோரியா மகாராணியாரின் இன்னொரு மைந்தர், 16 வயதுடைய அல்பிரட், வந்திருந்தார். அணையின் தேவையிலும் ஐயமில்லை. 1865 மே மாதப் புயலிற் பல கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. ஏதென்ஸ் என்னும் தபாற் கப்பல் தன் மாலுமிகள் அனைவரோடும் அழிந்தது.

அவ்வணைக்குக் கல்லுடைத்தோரிற் சிலர் க்ஸாம் என்னும் ஆதிக்குடியினர். நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த அவர்கள் மொழியை எமது எழுத்தில் எழுத இயலாது. வெள்ளைப் பண்ணையாளர் நீர்நிலைகளையும் வேட்டைக் காடுகளையும் பிடித்துக்கொள்ள, பசித்தவர்கள் பண்ணை மந்தைகளில் கை வைத்தனர்; அது குற்றமாயிற்று; குற்றம் அணைக்குக் கல்லாயிற்று. வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் இக்கைதிகளைக் கண்டு, சிலரைத் தம் வீட்டில் வைத்து மொழி கற்க அரசாங்கத்திடம் அனுமதி பெற்றார். கப்போ என நாம் குறைபட எழுதும் முதியவர் 1871இல் அங்கு வந்தார். பிளீக்கும் அவர் மைத்துனி லூசி லொயிட் அம்மையாரும் அவர் வாயினின்றும் கதைகளையும் நினைவுகளையும் கேட்டுக் கேட்டு எழுதினர். 1873இல் அவர் தம் ஊருக்கு மீண்டார், 1876இல் இறந்தார். அவரும் பிறரும் சொல்லியவை 12,000 பக்கங்களுக்கு மேல். க்ஸாம் மொழி இன்று பேசுவாரின்றி அழிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கக் குடியரசு தன் இலச்சினையிற் பொறித்த வாசகம் அம்மொழியில் உள்ளது.

இதனைக் காட்டி, மறியற்சாலை இல்லாதிருந்தால் இவ்விலக்கியம் கிடைத்திராதே என்று வாதிப்போர் உளர். சாமர்த்தியமான வாதந்தான். ஆனால் மறியற்சாலை கப்போவிடம் கேட்டது கல்லை மட்டுமே, கதையை அன்று. கற்குழியிலிருந்து அவரை வெளியே அழைத்து, எதிரே இருத்தி, அவர் சொல்வதைச் செவிமடுத்த பின்னரே கதை பிறந்தது. அவருடைய மக்களின் காடும் நீரும் அவர்களிடமே இருந்திருப்பின் அம்மொழியைக் காப்பதற்குக் குறிப்பேடு தேவைப்பட்டிராது. வீட்டைக் கொளுத்திவிட்டு, வெந்து எஞ்சிய பாத்திரத்தைக் காட்டித் தீக்கு நன்றி கூறுவார் உண்டோ? அம்மறியற்சாலைக் கட்டடத்தில் இப்போது வணிக முகாமைத்துவம் கற்பிக்கப்படுகிறது என்பதையும் இடையே சொல்லி வைப்போம்.

வெள்ளையரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக அமர்ந்திருக்கவும் வழியில்லை. சோழ அரசன் ஒருவன் இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைப்பிடித்துச் சென்று காவிரிக்கரையில் வேலை வாங்கினான் என்றொரு கதையை ராஜாவலிய என்னும் சிங்கள நூல் கூறுகிறது. அது வரலாறோ வெறும் மரபுக் கதையோ என்பது ஒரு புறம் இருக்கட்டும். இக்கதையைக் கேட்ட கணமே எம்மவரில் எத்தனை பேர் மார்பை நிமிர்த்துகின்றனர். சிங்கள நண்பர்களில் எத்தனை பேர், மீட்கச் சென்ற கயபாகு மன்னன் இரட்டிப்பாகச் சிறைப்பிடித்து வந்தான் என்று அதற்கு மேல் மார்பை நிமிர்த்துகின்றனர்! கூடை சுமந்தவனின் முதுகு இரு தரப்பாரின் பெருமையிலும் இல்லை. வினைத்தூய்மை என்ற அதிகாரத்தை முன்வைத்து அதன் பின்னரே வினைத்திட்பத்தை வைத்தார் வள்ளுவர். அணை கட்டியோர் எங்கும் பின்னதிற் சிறந்தே விளங்கினர்.

கொழும்புக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்த கொழும்புக் கடலை மூட ஆளுநர் கிரகரி காலத்தில் முடிவு செய்யப்பட்டபோது, திட்டம் வகுக்க அழைக்கப்பட்டவர் அதே கூட். 1875 டிசம்பர் 8ஆந் திகதி முதற்கல்லை இட்டவர், மூன்றாண்டுகளுக்கு முன் போட்லண்டில் இறுதிக் கல்லை வைத்த அதே வேல்ஸ் இளவரசர். கல் வந்ததோ மஹரவிலிருந்து, புகையிரதத்தில். அங்கே கல்லுடைத்தவர்களும் மறியற்காரர்களே. உடைகல் மேட்டின்மீது பெரும் பாரந்தூக்கி கொண்டு கொங்கிறீற் பாளங்களை அடுக்கி, 4,212 அடி நீளமுள்ள தென்மேற்கு அணை 1885இல் முடிந்தது. காலித் துறை தன் கப்பல்களை இழந்தது. கொழும்பு கீழைத்தேசத்தின் பெருந்துறைகளில் ஒன்றாயிற்று. மலைநாட்டுத் தோட்டங்களின் தேயிலை அவ்வழி வெளியேறியது; அத்தேயிலையைப் பறித்தோரும் நாமும் உண்ட இறக்குமதி அரிசி அவ்வழி உள்ளே வந்தது. அவ்வரிசியை உண்ணாத வீடு இந்நாட்டில் அரிது.

எனவே இரண்டாவது கேள்வியை நாம் எமக்கே கேட்டுக்கொள்ள வேண்டும். அணையை இடித்துவிட வேண்டுமா? கல்லின்மேற் குற்றமில்லை, இடித்தால் உடைத்தவனின் உழைப்பும் வீணாகும். அனுபவிப்பதே பாவம் என்று ஒதுங்குவதும் துறவியின் செருக்கே அன்றி வேறன்று. பயன் கிடைத்துவிட்டது, பழங்கணக்கை ஏன் கிளறுகிறீர்கள் என்று சொல்வதுதான் எமக்குச் சிறிதும் உடன்பாடில்லாதது. பயன் பெற்றவன் கடனாளி. பெற்ற பயனையே கடன் தீர்ந்ததற்குச் சான்றாகக் காட்ட அவனுக்கு உரிமையில்லை. கடன் கொடுத்தவர்கள் இறந்துவிட்டனர். அவர்கள் பெயரும் எமக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் யார் என்பது தெரியாத விடயமன்று.

இதே அணையின் உட்புறத்திலே, 1927இல், குணசிங்காவின் தலைமையிற் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மஹரவிற் கல்லுடைத்தவனால் உச்சரிக்க முடியாதிருந்த ‘மாட்டோம்’ என்னும் சொல்லை, அவன் உடைத்த கல்லின் காவலில் நின்று இவர்கள் உச்சரித்தனர். அணை தந்த பயன்கள் யாவற்றிலும் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அதனைத் திட்டத்தில் எழுதிவைத்த பொறியியலாளர் எவரும் இலர்.

2012இல் முடிந்த தென் துறைமுகத்தின் புதிய அணை இப்போது பழைய அணைக்கு அப்பாற் கடலைத் தாங்குகிறது. மஹரவில் மறியற்சாலை இன்றும் உண்டு. 2020 நவம்பர் இறுதியில், நெரிசல் மிகுந்த அச்சிறையில், கொவிட் நோய்க்கு அஞ்சி மூண்ட கலகத்தில் 11 கைதிகள் இறந்தனர். அவர்கள் பெயர்களைச் சில நாட்கள் பத்திரிகைகள் பேசின.